பிடித்தம்

காற்றாலையின் பல்சக்கரம் முனகுவதைக் கேட்டு
நோய் சொல்வது எங்கள் கம்பெனி வேலை.
காற்றாடிகள் பணகுடியில்,
கம்பெனி முருகன்குறிச்சியில், மருந்துக்கடை மேல்மாடி.
இந்த வருஷம் ஹூசும் என்ற ஊரிலும் ஓர் ஆள்:
ஜெர்மனிக்கு வடகோடி, வீப்கே என்று பேர்.

'ஒரு ஆளு, ஒரு சம்பளம்.
மாசாமாசம் பில் போடச் சொல்லு, அனுப்பிருவோம்'
என்றார் முதலாளி சங்கரநயினார்.
முடியாதாம்.
நாம் சொல்லும் நேரத்தில் நம் வேலை மட்டும் பார்ப்பவளைத்
தனித்தொழில்காரி என்றெழுதினால்
அங்கே அது பொய்க்கணக்கு.
விட்ட மாதத்துக்கெல்லாம் சேர்த்து வாங்குவார்கள்.

ஆக, கம்பெனிக்கு எட்டு இலக்கத்தில் ஓர் எண்,
அவளுக்குப் பதினொன்றில் ஓர் எண்.
மாதம் முடிய மூன்று வங்கி நாள் இருக்கையிலேயே
காப்பீட்டுப் பணம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.
அந்தக் கெடு ஆனித் தேரன்று வந்து நின்றது.
ஊரே டவுனில் வடம் பிடிக்க
நான் மாடியில் தனியாக பொத்தானை அழுத்தினேன்.
ஹூசுமுக்கு ஏது உள்ளூர் விடுமுறை.

படிவம் முதலில் மதம் கேட்டது.
சம்பளத்துக்கு எதற்கு மதம்?
சபைக்கு வரி. அரசே பிடித்துக் கொடுக்குமாம்.
எங்கள் சபைச் சந்தாவுக்கு
ரசீதுப் புத்தகத்தோடு தேவசகாயம் அண்ணன் வருவார்;
விளக்கை அணைத்துவிட்டால் திரும்பிப் போவார்.
வீப்கே எழுதினாள்:
'விலகிவிட்டேன். சான்றிதழ் இணைப்பில்.'
விலகவும் ஒரு சான்றிதழா!
கோப்பில் சேர்த்தேன்.

அடுத்த கட்டம்:
பிள்ளைகள் எத்தனை.

இருபத்து மூன்று வயது கடந்தும் பிள்ளை இல்லையென்றால்
முதுமைப் பராமரிப்புக் காப்பீட்டில்
நூற்றுக்குப் புள்ளி ஆறு கூடுதல்.
அவளுக்கு நாற்பத்தொன்று.
எனக்கு ஒன்று குறைவு.

மூன்று தடவை எழுதி மூன்று தடவை அழித்தேன்.
'தவறாக நினைக்க வேண்டாம்' என்று தொடங்கியதை,
'வழக்கமான விவரம்தான்' என்று தொடங்கியதை.
சமாதானபுரத்தில் பஸ் ஏறினால்
ஜங்ஷன் வருமுன் கேட்டுவிடுவார்கள் என்னிடம்,
இடம் போட்டுக் கொடுத்த உரிமையில்.
கல்யாண வீட்டில் பந்திக்கு முந்தி,
துட்டி வீட்டில் காப்பிக்குப் பிந்தி.
கேட்கப்படுவதில் எனக்குப் பதினாறு வருஷ அனுபவம்.
கேட்பது இதுதான் முதல்.

பதில் ஒரே வரி:
'பூஜ்யம். இரண்டு ஆடு உண்டு, கணக்கில் வராது.'

மூவாயிரத்துத் தொள்ளாயிரம் யூரோவுக்கு
இருபத்து மூன்று யூரோ நாற்பது.
மற்றக் காப்பீட்டில் எல்லாம்
முதலாளி ஒரு பங்கு போடுகிறார்.
இதை மட்டும் அவளே முழுக்கச் சுமக்கணும்,
விதியில் தெளிவாக இருக்கிறது.
ஒரு நிமிஷம் விரல் நின்றது.
என் வீட்டுக்காரரிடம் இதுவரை
ஒரு பஸ்ஸிலும் யாரும் கேட்டதில்லை.

ஆனாலும் அவளுக்குச் சீட்டு உண்டு.
எவ்வளவு, எதற்கு, எந்த மாதம் என்று
தனி வரியில் அச்சாகி வருகிறது.
எனக்குப் பிடித்ததற்கெல்லாம் ரசீது கேட்டால்
எந்த அலுவலகத்துக்குப் போவது?

அனுப்பினேன். பூட்டினேன். இறங்கினேன்.

பஸ்ஸில் பக்கத்தில் ஓர் அம்மா,
மடியில் வாழைப்பூ, காதில் பாம்படம் இறங்கிய துளை.
'எத்தனை புள்ளையோ, தாயி?'
'ரெண்டு ஆடு' என்றேன்.
அவள் முகம் மாறவே இல்லை.
'வெள்ளாடா, செம்மறியா? எங்கன கட்டிக் கிடக்கு?'
'ஹூசும்ல.'
'அது வள்ளியூருக்கு அங்கிட்டோ?'
'அங்கிட்டுத்தான். காத்து ரொம்ப அடிக்கும்.'
'காத்துல கெடந்தா ஆட்டுக்குச் சளி பிடிக்கும், பாத்துக்கோ'
என்றாள்.